எங்கே கும்பிடுகிறோம், எப்படிக் கும்பிடுகிறோம்? ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது

வாசல்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், வேற்று மதத்தவர், உண்மையான அக்கறையோடு ஒன்று கேட்டார். "நீங்கள் எந்தக் கிழமை கூடுவீர்கள்? எங்கே? யார் நடத்துவார்?" எங்கிருந்து தொடங்குவது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம். தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுப்பார். மாமியார் வீட்டிலோ ஏகாதசி விரதம்தான் பெரிது, கோயிலுக்குப் போவது அபூர்வம். இதில் எது முக்கியம்? கோயிலுக்குப் போவது கட்டாயமா? என் மகளும் இதையெல்லாம் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டாள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

அருகம்புல் எழுதியது:

கட்டாயமில்லை சகோதரி. வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெரிய கோயிலுக்குப் போகாதவரும் இந்துதான். தினப்படி வழிபாட்டில் பெரும்பங்கு வீட்டில்தான் நடக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்து, விளக்கேற்றி, பூ வைத்து, சமைத்ததில் கொஞ்சம் எடுத்துப் படைத்து, அப்புறம் சாப்பிடுவது. சில வீடுகளில் துளசி மாடம். சில வீடுகளில் சாலிகிராமம், அதாவது நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கல். எங்கள் வீட்டில் பஞ்சாயதன பூஜை உண்டு. சூரியன், அம்பிகை, விஷ்ணு, விநாயகர், சிவன் என ஐவரையும் ஐந்து கற்களாக ஒரே தட்டில் வைத்துப் பூஜிப்பது. கர்நாடகத்தில் லிங்காயத்துகள் என்னும் சிவபக்தர்கள் இஷ்டலிங்கம் என்கிற சிறு லிங்கத்தைக் கழுத்திலேயே அணிந்திருப்பார்கள். பூஜை வேளையில் அதை இடது உள்ளங்கையில் வைத்துக் கும்பிடுவார்கள். அவர்களுக்குக் கையே சன்னதி.

கிழமையைப் பொறுத்தவரை, நமக்கு ஒரு நாள் என்று இல்லை. செவ்வாய் முருகன், வெள்ளி அம்மன், புரட்டாசிச் சனி பெருமாள், பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, பௌர்ணமி. அவரவர் தெய்வம், அவரவர் நாள்.

தெற்குக்கோபுரம் எழுதியது:

அருகம்புல் சொன்னது சரி. ஆனால் உங்கள் நண்பரின் கேள்விக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. வழிபாடு என்றால் ஜனங்கள் கூடுவது, கூட்டத்துக்காக ஒருவர் நடத்துவது என்று நினைக்கிறார். அங்கிருந்துதான் விளக்க வேண்டும்.

சைவ ஆகமங்கள், அதாவது கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் நூல்கள், பூஜையை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒருவர் தனக்காகச் செய்வது ஆன்மார்த்த பூஜை. கோயிலில் உலக நலனுக்காக நடப்பது பரார்த்த பூஜை. இந்த இரண்டாவதற்கு ஆட்கள் வந்தாக வேண்டும் என்பதே இல்லை. பெரிய சிவன் கோயில்களில் உஷத்காலம் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு கால பூஜை. மழை கொட்டி ஒருவரும் வராத நாளிலும் மணி அடிக்கும், அபிஷேகம் ஆகும், தீபாராதனை காட்டப்படும். 2020இல் பொதுமுடக்கத்தின்போது வாசல் சாத்தியிருந்ததே தவிர உள்ளே பூஜை நின்றுவிடவில்லை. அந்தச் சித்திரையில் மதுரைத் திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது. ஊர் நேரலையில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாம் போவது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தரிசிக்க.

அப்படி உள்ளே என்ன நடக்கிறது? உபசாரம். வீட்டுக்கு வந்த பெரியவரை எப்படிக் கவனிப்போமோ அப்படி. வாருங்கள் என்று அழைப்பது ஆவாஹனம். பிறகு ஆசனம், கால் கழுவ நீர், குடிக்க நீர், ஸ்நானம், வஸ்திரம், சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம், தாம்பூலம் என்று போகிறது பதினாறு உபசாரம். ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விசுவரூப தரிசனத்தின்போது பசுவும் யானையும் சன்னதி முன் வந்து நிற்கும், வீணை வாசிப்பார்கள். துயில் எழும் அரசர் முதலில் மங்கலமானவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மதுரையில் இரவில் சுவாமியின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். திருவானைக்காவில் உச்சிகால பூஜைக்கு அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே நடந்து சுவாமி சன்னதிக்கு வந்து பூஜை செய்கிறார். அகிலாண்டேசுவரி தானே ஜம்புகேசுவரரைப் பூஜித்த தலம் அது என்பதால்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அழைத்தால்தான் அது சுவாமி. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பநீரில் இறக்கி, அத்திப் பலகை போன்ற ஒன்றில் எழுந்தருளச் செய்து, அதற்குத்தான் பூஜை. அதுவரை நாம் உருகிய மூலவர் அந்த மாதங்களில் சிற்பிகள் அருகில் நின்று வேலை பார்க்கும் கற்சிலை. வேலை முடிந்ததும் கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள் சேர்த்து இடித்த அஷ்டபந்தன மருந்தால் பீடத்தில் பொருத்தி, யாகசாலைக் குடத்து நீரை விமானக் கலசத்திலும் மூலவர் மேலும் ஊற்றினால் மறுபடி சுவாமி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிறோமே, அதுவும் இதே காரியம்தான். பிடித்து, அழைத்து, அருகம்புல் சாத்தி, முடிந்ததும் யதாஸ்தானம், அதாவது விடைகொடுக்கும் மந்திரம், சொல்லி வடக்கே நகர்த்திவிட்டால் அது மஞ்சள்.

ஆகவே நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாங்கள் இருக்கும் இடத்துக்குத் தெய்வத்தை அழைக்கிறோம். வீட்டில் சிறிதாக, கோயிலில் பெரிதாக.

சுடலைப்பேரன் எழுதியது:

தெற்குக்கோபுரம் ஐயா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முழுக்கக் கோபுரம் உள்ள கோயிலையே எழுதுகிறீர்கள். வாசல்கோலம் அக்கா "வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம்" என்று ஒரு வரியில் கடந்துபோனதை யாரும் எடுக்கவில்லை. தெக்கத்தி மாவட்டங்களில் அதுதான் முதல் கோயில். கல்யாணப் பத்திரிகை முதலில் போவது அங்கே. பிள்ளைக்கு முதல் முடி எடுப்பது அங்கே. நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்துக்கும், மதுரை தேனிப் பக்கம் மாசி சிவராத்திரிக்கும் சென்னையிலிருந்து பேருந்து பேருந்தாகக் கிளம்புகிற ஜனம் எங்கே போகிறது? கூரையே இல்லாத சாஸ்தாவிடம், கருப்பசாமியிடம், பேச்சியம்மனிடம்.

எங்கள் சுடலைமாடனுக்குச் சிலை கிடையாது. செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிய, மேலே போகப் போகக் குறுகும் பீடம்தான். சந்தனத்தில் முகம் வைத்து, பிச்சிப்பூ மாலை போட்டால் சாமி. கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. சாமி பிறந்த கதையைப் பாடப் பாட, மேளம் ஏற ஏற, பீடத்துக்கு முன்னால் நிற்கிற சாமியாடியின் கால் முதலில் தரையைத் தட்டும். அப்புறம் தோள். அப்புறம் அவர் என் பெரியப்பா இல்லை. நடுராத்திரி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, வரிசையில் நிற்பவர்களுக்குத் திருநீறு பூசி வாக்குச் சொல்வார். ஐயா சொன்ன ஆவாஹனம் இங்கே குடத்தில் இல்லை, மனுஷ உடம்பில்.

பிடிமண்ணையும் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக ஊர் விட்டுப் போகிறவர்கள் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, புதிய ஊரில் வைத்துப் பீடம் எழுப்புவார்கள். சாமி பெயர்ந்து கூடவே வரும். மூலக்கோயிலும் காலியாகாது.

நடைப்பயணி எழுதியது:

மனதைப் புண்படுத்தக் கேட்கவில்லை. இதில் கிடா வெட்டும் பலியும் வருகிறதே, இதையும் இந்து வழிபாடு என்று வெளியாளிடம் சொல்லத்தான் வேண்டுமா? அவர் தவறாக எடுத்துக்கொள்வார்.

சுடலைப்பேரன் எழுதியது:

சொல்லத்தான் வேண்டும். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை 2003இல் தமிழக அரசு தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் பலியைத் தடுத்தது. அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொள்ள வேண்டிவந்தது. அத்தனை குடும்பங்களின் வழிபாடு இது. படையல் வைத்து, உறவெல்லாம் உட்கார்ந்து ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவோம். இதை மறைத்துவிட்டுச் சொன்னால் பாதி ஜனத்தை மறைத்ததாக ஆகும்.

தெற்குக்கோபுரம் எழுதியது:

நான் மரக்கறிக்காரன். ஆனாலும் இதில் தம்பி பக்கம்தான். காளத்தியில் கண்ணப்பர் தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைத்தான் படைத்தார், வாயில் கொண்டுவந்த நீரைத்தான் அபிஷேகம் செய்தார். அவர் அறுபத்துமூவரில் ஒருவர். அவருக்குச் சிவன் கோயில் பிரகாரங்களில் தீபாராதனை காட்டுகிறோம். திருமுருகாற்றுப்படையில் ஆட்டுக் குருதி கலந்த அரிசியைப் பலியாகத் தூவி முருகனை அழைக்கும் காட்சி வருகிறது. அந்த நூல் பதினொன்றாம் திருமுறைக்குள் இருக்கிறது.

அதே நூலில் முருகன் இருக்கும் இடங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. காடு, சோலை, ஆற்றிடைக்குறை, ஆறு, குளம், நாற்சந்தி, கடம்ப மரம், ஊர் மன்றம், நட்ட தூண். "எங்கே" என்ற கேள்விக்கு அந்தக் காலத்திலேயே ஒரு புலவர் பதில் எழுதி வைத்துவிட்டார்.

கிரிவலம் எழுதியது:

அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே ஐயாவிடம் வேறுபடுகிறேன். "அழைத்தால்தான் சுவாமி" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. திருவண்ணாமலையில் மலையே லிங்கம். அதை யார் ஆவாஹனம் செய்தார்? யார் பிரதிஷ்டை செய்தார்? பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் செருப்பில்லாமல் சுற்றி வருகிறார்கள். கோயிலுக்குள் போகாமலேயே ஊர் திரும்புகிறவர்களும் அதில் உண்டு. அவர்கள் வழிபாடு குறைவா? ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் மஞ்சள், காதோலைக் கருகமணி வைத்துக் கும்பிடுகிற பெண்கள் ஆற்றைக் கும்பிடுகிறார்கள். நர்மதையை முழுக்கச் சுற்றி நடந்தே வலம் வருகிற பரிக்கிரமா இருக்கிறது. கயிலாயத்தின் மேல் யாரும் ஏறுவதே இல்லை, சுற்றி வருவதுதான். இங்கெல்லாம் இடம்தான் முதல். நாம் போய்ச் சேருகிறோம்.

தெற்குக்கோபுரம் எழுதியது:

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தானாகத் தோன்றிய சுயம்பு மூர்த்திகளுக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். அழைத்து வருவது ஒரு வழி, தேடிப் போவது இன்னொரு வழி. வாசல்கோலம், இரண்டையும் சொல்லுங்கள்.

வல்லைக்காற்று எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

நல்லூரில் திருவிழா இருபத்தைந்து நாள். ஆண்கள் மேல்சட்டை கழற்றி, வேட்டியோடுதான் உள்ளே போகலாம். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் பூசை மணி நேரம் தப்பாது. இது ஆகம முறை.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் போனால் தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி. அங்கே பூசை செய்பவர் கப்பூகர். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஒன்றும் உச்சரிக்காமல் மௌனமாகப் பூசை செய்வார். மூலஸ்தானத்தில் இருப்பது வேல். ஆலிலையில் அமுது படைப்பார்கள். நல்லூரில் அர்ச்சனை சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்குச் சந்நிதியில் அந்தச் சத்தமில்லாத பூசையைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். கோபுரத்து ஐயா சொன்ன உபசாரம் எல்லாம் அங்கேயும் உண்டு, சொல் மட்டும் இல்லை.

கதிர்காமத்தில் உருவமே கண்ணில் படாது. முருகன், வள்ளி, தெய்வானை வரைந்த திரைதான் தரிசனம். திரைக்குப் பின்னால் கப்புறாளைமார் என்கிற பூசகர்கள் மட்டும் போவார்கள். கோயிலை நடத்துவது சிங்கள பௌத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாக, கடைசியில் யால காட்டுக்குள்ளால் நடந்தே போகிற பாதயாத்திரைக்காரர் அந்தத் திரைக்கு முன்னால் நின்று அரோகரா சொல்லி அழுவதைப் பார்த்திருக்கிறேன். சிலை பார்த்தால்தான் தரிசனம் என்று யாரும் சொன்னால் அவர்களுக்குக் கதிர்காமத்தைக் காட்டுவேன்.

அருகம்புல் எழுதியது:

திரை என்றதும் வடலூர் ஞாபகம் வருகிறது. வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள். அங்கே விக்கிரகமும் இல்லை, அபிஷேகமும் இல்லை. பக்கத்திலேயே தருமசாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவருக்குச் சோறு போடுவதும் அவர் வழிபாட்டில் சேர்த்தி.

யாத்திரிகன் எழுதியது:

வடக்கே போனால் இன்னும் வேறு மாதிரி. நம் ஊரில் கருவறைக்குள் அர்ச்சகர் தவிர யாரும் கால் வைக்க முடியாது. மகாராஷ்டிரத்துப் பண்டரிபுரத்தில் விட்டலன் பாதத்தில் நாமே தலையை வைத்துக் கும்பிடலாம். வடநாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் பக்தரே லிங்கத்தின் மேல் தண்ணீர் ஊற்றி, வில்வம் போட்டுவிட்டு வருவார். நம் ஊர்க்காரர்கள் முதல்முறை போகும்போது கை நடுங்கும்.

ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் கோயிலில் மூலவரே ரதத்தில் வெளியே வருகிறார். மரத்தாலான மூர்த்திகள் என்பதால் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய மரம் தேடிச் செய்து மாற்றுகிறார்கள். கடைசியாக 2015இல் நடந்தது. வங்காளத்தில் துர்கா பூஜைக்கு மூங்கிலும் துணியும் வைத்துப் பந்தல், களிமண் துர்க்கை, விஜயதசமியன்று ஆற்றில் கரைத்துவிடுவார்கள். சில நாளுக்கு மட்டும் ஒரு கோயில். பாலித் தீவில் பத்மாசனம் என்று உயரமான கல் அரியணை இருக்கும், மேலே உருவம் எதுவும் இருக்காது, காலியாகவே விட்டிருப்பார்கள். ஆரிய சமாஜத்தார் உருவ வழிபாடே கூடாது என்று ஹோமம் மட்டும் செய்கிறார்கள்.

ஊர்க்கோடி எழுதியது:

எல்லாம் படித்தேன். விருந்தாளி, உபசாரம், அழைப்பு என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அந்த வீட்டு வாசலில் எங்களை நிறுத்திவைத்ததையும் எழுதுங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் ஊர்ப் பெரிய கோயிலின் கோபுரத்தை வயலில் நின்றபடிதான் கும்பிட்டார்கள். தேர் எங்கள் தெருப் பக்கம் திரும்பாது. "இந்துக்கள் எங்கே வழிபடுகிறார்கள்" என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில், நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்தது. 1924இல் கேரளத்து வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போகக்கூட இல்லை, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12இல் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். மதுரையில் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947இல். ஆகமம் எத்தனையோ நூற்றாண்டு பழசு. எங்களுக்கு வாசல் திறந்தது நேற்று. இன்றைக்கும் சில ஊர்களில் பூட்டுப் போட்டு, அதிகாரிகள் வந்து திறக்க வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் ஜனம் சாமி கும்பிடாமல் இருந்துவிடவில்லை. வேப்பமரத்தடியில் கல் நட்டு மஞ்சள் பூசி மாரியாத்தாவை உட்கார வைத்தோம். ஆடியில் கூழ் ஊற்றினோம். எங்கள் பூசாரி எங்களிலேயே ஒருவர். மந்திரம் கிடையாது, வாய்விட்டு "ஆத்தா, பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்பதுதான். கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் மலேயாவிலும் மொரீசியசிலும் நட்டதும் இதே மாரியாத்தாவைத்தான். அந்த நண்பரிடம் கோபுரத்தைச் சொல்லும்போது இந்தக் கல்லையும் சொல்லுங்கள், ஏன் அது தனியாக நடப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

தெற்குக்கோபுரம் எழுதியது:

சொல்லத்தான் வேண்டும். உற்சவர் வீதியுலா வருவது உள்ளே வர இயலாதவர்களைத் தேடி என்று பெருமையாகப் பேசுவோம். எத்தனையோ ஊர்களில் அந்த உலா எந்தத் தெருவோடு திரும்பியது என்பதைப் பேசுவதில்லை. அது அநியாயம். ஆகமத்தைப் படித்தவன் என்ற முறையில் நான் இதற்குச் சமாதானம் தேடப்போவதில்லை. தேர் திரும்பாத தெரு இன்னும் எங்காவது இருந்தால் அந்தக் கோயிலின் பரார்த்த பூஜை உலகத்துக்கானது என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

வாசல்கோலம் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஊர்க்கோடி அண்ணன் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நண்பரிடம் வீடு, குலதெய்வம், கோயில், மலை என்று எல்லாம் சொல்லி, கோயில் பூஜை கூட்டத்துக்காக நடப்பதில்லை என்பதையும் விளக்கினேன். யாரும் வராவிட்டாலும் பூஜை நடக்கும் என்றதும் அவர் வெகுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்க்கோடி அண்ணனின் ஜனத்துக்கு வாசல் மூடியிருந்த கதையையும் சொன்னேன்.

இப்போது எனக்கே ஒரு கேள்வி. வாடகை வீடு, பூஜையறை கிடையாது. கற்பூரம் ஏற்றினால் புகை எச்சரிக்கை மணி அடிக்கிறது. மகள் தானே தினமும் கும்பிட வேண்டும் என்கிறாள். எதை எப்படி வைத்துக்கொடுப்பது?

அருகம்புல் எழுதியது:

அலமாரியில் ஒரு தட்டு போதும். கண் மட்டத்துக்குக் கீழே வேண்டாம், காலடி படுகிற இடமாக இருக்கக் கூடாது. சுவாமி படம் கிழக்குப் பார்த்து இருப்பது வழக்கம், அமையாவிட்டால் வடக்கு. கற்பூரம் அவசியமில்லை, சின்ன அகலில் நல்லெண்ணெய் விளக்கு ஒன்று, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஏற்றட்டும். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பூ, பழமோ கற்கண்டோ. பூ கிடைக்காத நாளில் ஒரு இலை போதும், திருமூலரே பச்சிலை போதும் என்கிறார். படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

சுடலைப்பேரன் எழுதியது:

அடுத்த முறை ஊருக்கு வரும்போது குலதெய்வக் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் கொண்டுபோய் அந்தத் தட்டில் வையுங்கள் அக்கா. சாமி பேரையும், எந்த ஊர், கூட இருக்கிற பரிவார தெய்வங்கள் யார் யார் என்பதையும் அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் குலதெய்வம் எது என்று தெரியாமல் ஊர் ஊராகத் தேடி அலைகிற குடும்பங்கள் இப்போது நிறைய.

வல்லைக்காற்று எழுதியது:

நேற்று வைத்த பூவைக் குப்பையில் போட விடாதேயுங்கோ. பூச்செடித் தொட்டி இருந்தால் அதன் அடியில் போடலாம். அந்தத் தண்ணீரையும் அதற்கே ஊற்றலாம்.